ஏற்காட்டில் காமிராவுடன்



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் பேருந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறி அமர்ந்து பாருங்கள். அடிவாரத்தைக் கடந்து முதற் கொண்டை ஊசி வளைவு திரும்பியதும் இளைஞர்களின் கைகளெல்லாம் சன்னலுக்கு வெளியே நீளும். கையை வெளியே நீட்டாதீர் என்று எழுதி வைத்திருப்பதை அவ்வேளையில் யாரும் படிப்பதில்லை. ஒவ்வொரு கையிலும் ஒரு கைப்பேசி. அதனுள் ஒரு காமிரா. 20 வளைவுகளும் முடிந்து ஏரிக்கரையில் இறங்குவதற்குள் ஆளுக்கு நூறு படங்களாவது சேர்ந்துவிடும். மாலையில் அதே பேருந்து மலை இறங்கும். இளைஞர்கள் தாம் எடுத்தவற்றைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். அப்பொழுது எழும் ஒரு குரலை நான் பல முறை கேட்டிருக்கிறேன்: "நேரில் எவ்வளவு அழகாக இருந்தது! படத்தில் ஒன்றுமே இல்லையே!"

இந்த ஏமாற்றத்திற்குக் காரணம் கருவியின் குறை என்றே பலரும் எண்ணுகிறார்கள். விலை உயர்ந்த காமிரா ஒன்று கிடைத்துவிட்டால் மலை முழுவதும் அதற்குள் வந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. உண்மை அதுவன்று. மலையில் நிற்கும்போது நம் தோல் குளிரை உணர்கிறது. மூக்கு காப்பித் தோட்டத்தின் ஈர மண்ணை முகர்கிறது. செவி எங்கோ ஒரு பறவையின் சீழ்க்கையைக் கேட்கிறது. இவையெல்லாம் கூடியதைத்தான் நாம் அழகு என்கிறோம். காமிராவோ ஒளி ஒன்றைத் தவிர வேறெதையும் அறியாதது. ஆகவே மலையில் படமெடுக்க விரும்புகிறவர் முதலில் அம்மலையின் ஒளியைப் படிக்க வேண்டும். அதற்கு அடுத்ததாகப் படிக்க வேண்டியது அங்கு வாழும் உயிர்களை. இந்த இரண்டாவது பாடத்தை நான் பிழை செய்து கற்றேன். அதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

ஏற்காட்டில் ஒளியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மூடுபனியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஊர் அது. மழைக்காலத்திலும் அதன் பின்னரும் முகில் மலைமேல் தவழ்வதில்லை, தெருவிலேயே நடக்கிறது. சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்க, அவற்றினிடையே வெண்பனி புகுந்து வருவதைக் கண்டால் யாருக்கும் படமெடுக்கத் தோன்றும். எடுத்த பின் பார்த்தால் அந்த வெண்மை, துவைக்காத வேட்டியின் நிறத்தில் அழுக்குச் சாம்பலாக இருக்கும். ஏன்?

காமிராவினுள் ஒளியை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. உலகத்திலுள்ள காட்சிகள் எல்லாம், சராசரியாகப் பார்த்தால், கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட ஒரு சாம்பல் நிறமே என்று அக்கருவி கொள்கிறது. பெரும்பாலான காட்சிகளில் இக்கணக்குச் சரியாகவே அமையும். காட்சி முழுவதும் வெண்மையாக இருந்தாலோ, "இது மிகையான ஒளி, குறைக்க வேண்டும்" என்று அது தவறாகத் தீர்ப்பளிக்கிறது. அதனால் பனி சாம்பலாகிறது. எனவே மூடுபனியைப் படமெடுக்கும்போது காமிரா சொல்லும் அளவைவிட ஒரு மடங்கு ஒளியைக் கூட்டித் தர வேண்டும். காமிராக்களில் இதற்குக் கூட்டல் கழித்தல் குறியிட்ட ஒரு பொத்தான் உண்டு. கைப்பேசியில் திரையை விரலால் தொட்டதும் சூரியன் போன்ற சிறு குறி ஒன்று பெரும்பாலும் தோன்றும். அதை மேல்நோக்கி நகர்த்தினால் போதும்.

இதற்கு நேர் மாறான காட்சியையும் அதே தோட்டத்தில் காணலாம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் கோடை மழை ஒன்று பெய்து, அதிலிருந்து ஒன்பது பத்து நாள் சென்றதும், காப்பிச் செடிகள் ஒரே நாளில் பூத்துவிடும். மல்லிகை போன்ற மணம். கிளை நெடுகிலும் வெண் சரம். இரண்டு மூன்று நாட்களில் எல்லாம் வாடிவிடும். காப்பி இலையோ கரும்பச்சை. சட்டத்தில் பெரும் பகுதி இலையாகவும் சிறு பகுதி பூவாகவும் இருந்தால், காமிரா அக்கருமையைச் சாம்பலாக்க முயன்று ஒளியை மிகுதியாக வாங்கிக்கொள்கிறது. பூவின் இதழ்கள் வெள்ளைச் சுண்ணாம்பு தடவியது போல் வெளுத்து, மடிப்பும் நரம்பும் தெரியாமற் போகும். இங்கே ஒளியைக் குறைத்துத் தர வேண்டும். பனிக்குக் கூட்டு, காப்பிப் பூவுக்குக் குறை என்ற இவ்விரண்டையும் செய்து பழகிய மாணவர் ஒளியளவு பற்றிய பாடத்தில் பாதியைக் கடந்துவிட்டார் எனலாம்.

அடுத்தது பொழுது. பழந்தமிழ் இலக்கணம் குறிஞ்சித் திணைக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுத்தது. அதாவது ஐப்பசி முதல் தை வரை. அக்காலத்தில் காமிரா இல்லை. ஆயினும் மலையை எப்பொழுது பார்க்க வேண்டும் என்பதை அப்புலவர்கள் அறிந்திருந்தார்கள். கோடையில் சமவெளியின் தூசும் வெப்பமும் எழுந்து தொலைவை மறைத்துவிடும். நண்பகலில் லேடீஸ் சீட் முனையில் நின்று சேலம் நகரைப் படமெடுத்தால், நீலம் கலந்த பால் போன்ற ஒரு படலமே கிடைக்கும். தூசு குறைந்த நாளிலும் காற்றின் அணுத்திரள்கள் நீல ஒளியைச் சிதறடிப்பதால் தொலைவு நீலமாகவே தெரியும். மழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையில் அதே இடத்தில் நின்று பாருங்கள். கீழே வளைந்து வளைந்து ஏறும் சாலை கோடு கோடாகத் தெரியும்.

இடங்களுக்கும் பொழுதுண்டு. மலையின் கிழக்குப் பக்கத்திலுள்ள பகோடா முனைக்கு விடியற் காலையிலும், தென்மேற்கே சமவெளியை நோக்கிய லேடீஸ் சீட்டுக்கு மாலையிலும் செல்லுங்கள். பொழுது சாய்ந்ததும் எல்லோரும் புறப்பட்டுவிடுவார்கள், நீங்கள் புறப்படாதீர்கள். கதிரவன் மறைந்து இருபது நிமிடம் கழித்து, வானில் நீலம் எஞ்சியிருக்கையில், சேலத்தின் விளக்குகள் எரியத் தொடங்கும். வான ஒளியும் விளக்கொளியும் சம அளவில் நிற்கும் அச்சில நிமிடங்களே இரவுப் படத்திற்கு உரிய நேரம். முற்றும் இருட்டிவிட்டால் கரும்பலகையில் வெள்ளைப் புள்ளிகள் மட்டுமே மிஞ்சும். அப்பொழுது கை நடுக்கம் காட்டிக் கொடுத்துவிடும், முக்காலி வேண்டும். இல்லையெனில் ஒரு கற்சுவரின்மேல் சட்டையை மடித்து வைத்து, அதன்மேல் காமிராவை அமர்த்துங்கள். பொத்தானை விரலால் அழுத்தாமல், பத்து விநாடி தாமதக் கருவியைக் கொண்டு எடுப்பது நலம்.

இவ்வளவு வசதியிருந்தும் அலுத்துக்கொள்ளும் நண்பர்களுக்கு நான் ஒருவரை நினைவூட்டுவதுண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி 1856-ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக நியமிக்கப்பட்டார். அவர் 1857 இறுதியில் புறப்பட்டுச் சேலம் மாவட்டத்தின் வழியாகத் தெற்கே சென்று, திருச்சி, மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைப் படமெடுத்தார். ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும் அடங்கிய அவருடைய படத்தொகுதி 1858-இல் வெளிவந்தது. அவர் கருவிகள் மாட்டு வண்டிகளில் சென்றன. அக்காலத்து எதிர்மறைப் படம், அதாவது நெகட்டிவ், மெழுகு ஏற்றிய காகிதம். அளவில் ஒரு பெரிய தட்டுக்குச் சமம். அக்காகிதம் நீல ஒளியை மிகையாக உணர்வது. ஆகையால் வானம் எப்பொழுதும் வெறும் வெள்ளையாகவே பதிவாயிற்று. டிரைப் என்ன செய்தார் தெரியுமா? தூரிகையை எடுத்து, நெகட்டிவின் மேலேயே மேகங்களை வரைந்தார். மரங்களின் இலைத் தொகுதிக்கும் அப்படியே மெருகு கொடுத்தார். படத்தைத் திருத்துவது இக்காலத்து மாணவர் கண்டுபிடித்த வித்தை என்று எண்ணுவோர் இதைக் கருத வேண்டும். 1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் இதனை வீண் செலவு எனக் கருதி நிறுத்திவிட்டார். நிறுத்தியவரின் சிக்கனத்தால் அரசுக்கு மிச்சமானது எவ்வளவோ, அறியோம்; எஞ்சிய படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் பொன்போற் காக்கப்படுகின்றன.

கிள்ளியூர் அருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டு ஏரியின் மிகுநீர் ஏறத்தாழ 300 அடி வீழும் இடம் அது. மழைக்காலத்தில்தான் அதற்கு அருவி என்ற பெயர் பொருந்தும். கோடையில் பாறையைத்தான் பார்க்கலாம். ஒரு விநாடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் திறந்தால் நீர்த்துளிகள் முத்துக்களாக உறைந்து நிற்கும். அரை விநாடி திறந்தால் நீர் பட்டுத்துணி போல் வழியும். பின்னதற்கு மேகம் மூடிய நாளும் முக்காலியும் வேண்டும். இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், பட்டுத்துணி எனக்குச் சலித்துவிட்டது என்பேன். அருவி பாறையில் மோதும் சினம் முத்துக்களில்தான் இருக்கிறது. படத்திற்காக நீர் ஓடும் பாறையின் விளிம்புக்குச் செல்வதை மட்டும் அறவே விலக்குங்கள். பாசி படிந்த பாறையில் பின்னோக்கி ஓரடி வைப்பது போன்ற அறியாமை வேறில்லை. ஆண்டுதோறும் நாட்டின் அருவிகளில் இளைஞர்கள் உயிரிழக்கும் செய்தியைப் படிக்கிறோம். அவர்களிற் பலர் கையில் இருந்தது கைப்பேசிக் காமிராவே.

பெருங்காட்சிகளைவிடச் சிறு பொருள்களில்தான் சேர்வராயன் மலை தன்னை மிகுதியாகக் காட்டுகிறது என்பது என் கருத்து. காலை ஏழு மணிக்கு வேலியோரத்துச் சிலந்தி வலையைப் பாருங்கள். கதிரவனை முதுகுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால் வலையே தெரியாது. எதிரே வைத்து, ஒரு மரத்தின் இருண்ட நிழலைப் பின்னணியாக்கிப் பார்த்தால், ஒவ்வொரு பனித்துளியும் விளக்காகும். கதிரவன் முதுகுப்புறம் இருக்க வேண்டும் என்ற பழைய விதி, சிறு காமிராக்களின் முற்காலத்து விதி. மலையில் அதை மீறத் துணிய வேண்டும். பக்கவாட்டு ஒளி பாறையின் சொரசொரப்பைக் காட்டும். எதிரொளி இலையின் நரம்பைக் காட்டும். முன்னொளி எல்லாவற்றையும் தட்டையாக்கும்.

இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டம் ஒன்றை நடத்துகிறது. தாவரங்களைப் படமெடுக்கக் கற்பவருக்கு அது நல்ல பள்ளி. தாவரவியல் மாணவர் ஒரு செய்தியை மனத்திற் கொள்ள வேண்டும்: பூவின் அழகிய படம் ஒன்றை மட்டும் கொண்டு ஒரு செடியை அடையாளம் காண்பது அரிது. இலையின் மேற்புறம், அடிப்புறம், கிளையில் இலைகள் அமைந்துள்ள முறை, மரமாயின் பட்டை, முழு உருவம் ஆகிய அனைத்தையும் தனித்தனியே எடுக்க வேண்டும். அருகில் ஒரு தீக்குச்சியை வைத்து ஒரு படம் எடுத்தால் அளவும் விளங்கும். வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்று இம்மலையின் பெயரையே தாங்கிய ஒரு தாவரம் உண்டு. இவ்வகை அரிய தாவரங்களைக் காட்டில் கண்டு படமெடுத்தால், அதனைப் பிறருக்கு அனுப்புமுன் ஒன்று செய்யுங்கள். கைப்பேசி ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் அது எடுக்கப்பட்ட இடத்தைக் குறித்து வைக்கக் கூடியது. அக்குறிப்பை நீக்கிவிடுங்கள். ஆர்க்கிட் செடிகளைப் பறித்து விற்பவர்களும் படம் பார்ப்பவர்களே.

பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் வருவோம். தமிழ்நாட்டில் இத்துறைக்கு வழிகாட்டியாக ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் மா. கிருஷ்ணனைச் சொல்ல வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர்; 1912-இல் பிறந்தவர். 1950 முதல் 1996-இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதி வந்தார், தமிழிலும் எழுதினார். 1960-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் எடுத்த யானைப் படங்களும் காட்டெருமைப் படங்களும் கறுப்பு வெள்ளையே. வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தாமே பொருத்தி ஒரு காமிராவைச் செய்துகொண்டார். அதற்கு "சூப்பர் பாண்டரோசா" என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டினார். கருவியைப் பற்றி இப்படிச் சிரிக்க முடிந்தவருக்கு விலங்கைப் பற்றிச் சிரிப்பில்லை. யானை காதை விரித்தால் என்ன பொருள், எப்பொழுது அது பொறுமையிழக்கும் என்பதை அறிந்த பின்னரே அவர் பொத்தானை அழுத்தினார். அவரை நிழற்படக்காரர் என்பதைவிட, காமிரா வைத்திருந்த இயற்கையறிஞர் என்பதே பொருந்தும்.

இனி என் பிழையைச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஏற்காட்டில் ஒரு தோட்டத்துப் பாதையோரம், மார்பளவு உயரமுள்ள காப்பிச் செடியில் செம்மீசைச் சின்னானின் கூடு ஒன்றைக் கண்டேன். கன்னத்தில் சிவப்புப் பொட்டும் தலையில் கொண்டையும் உடைய அழகிய பறவை அது. கிண்ணம் போன்ற கூட்டில் இரண்டு குஞ்சுகள்; வாயைத் திறந்தால் உடம்பெல்லாம் வாய். தாய்ப்பறவை புழுவுடன் வந்து ஊட்டும் காட்சியை எடுக்க விரும்பினேன். இரண்டு இலைக்கொத்துகள் குறுக்கே நின்றன. அவற்றை ஒடித்தேன். பத்தடி தொலைவில் அமர்ந்து நாற்பது படங்கள் எடுத்தேன். ஒளி அருமையாக இருந்தது. பறவையின் கண் கூர்மையாக விழுந்தது.

மறுநாட் காலை மீண்டும் சென்றேன். கூடு இருந்தது, குஞ்சுகள் இல்லை. காக்கையோ செம்போத்தோ, எது வந்ததென்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. நான் ஒடித்த இலைகள்தாம் அக்கூட்டின் கதவு. தாய்ப்பறவை அலகில் ஒரு பச்சைப் புழுவைக் கவ்வியபடி கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது. கூட்டின் விளிம்பில் வந்து அமரும், உள்ளே பார்க்கும், மீண்டும் பறக்கும். புழுவை அது விழுங்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. காமிரா என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. முதல் நாள் எடுத்த நாற்பது படங்களும் இன்றும் என்னிடம் இருக்கின்றன, எவருக்கும் காட்டியதில்லை.

ஆகவே மாணவர்களுக்கு நான் கூறுவது இதுதான். கூட்டின் அருகே போகாதீர்கள். இயற்கை நிழற்படப் போட்டிகள் பலவும் இப்பொழுது கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்து அதை வரவழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் பகைவன் வந்துவிட்டான் என்று அது பதைத்து வருகிறதேயன்றி, உங்களைக் காண வரவில்லை. பூத்த மரமோ கனிந்த ஆலமரமோ ஒன்றைத் தேர்ந்து, கதிரவன் பக்கவாட்டில் இருக்குமாறு அமர்ந்து, அசையாமல் முக்கால் மணி நேரம் இருங்கள். முதல் பதினைந்து நிமிடம் ஒன்றும் வராது. பிறகு நீங்கள் ஒரு கல் என்று பறவைகள் முடிவு செய்துகொள்ளும். கண்ணில் கூர்மை விழுமாறு எடுங்கள்; கண் மங்கினால் மற்றவை எவ்வளவு தெளிந்தும் பயனில்லை. பறக்கும் பறவைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி வேண்டும். தோட்டப் பாதைகளில் காட்டெருமை எதிர்ப்பட்டால் காமிராவை மறந்துவிடுங்கள். அது போகும் வரை தொலைவிலேயே நில்லுங்கள். மின்னொளி பாய்ச்சுவது ஒருபோதும் கூடாது.

மனிதரைப் படமெடுப்பதிலும் இம்முறையே. இம்மலையின் பழங்குடியினர் மலையாளிகள் என்று பெயர் பெற்றவர்கள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. சேர்வராயர் கோயில் விழாவுக்கு அவர்கள் ஊர் ஊராகத் திரண்டு வருவார்கள். வழிபடுகிறவர் முகத்தின் எதிரே காமிராவை நீட்டுவது நம் வீட்டுப் பூசை அறைக்குள் அயலார் நுழைவது போன்றது. முதலில் வணக்கம் சொல்லுங்கள், பேசுங்கள், கேளுங்கள். மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். இசைந்தால், படத்தின் அச்சுப்படி ஒன்றை அடுத்த முறை கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கொடுக்காதவர்களை அவ்வூர்கள் நன்கு நினைவில் வைத்திருக்கின்றன.

கருவியைக் காக்கும் முறையைச் சொல்லி முடிக்கிறேன். குளிர்ந்த பனியில் திரிந்த காமிராவை வெப்பமான அறைக்குள் கொண்டுவந்தால், குளிர்நீர்க் குவளையின்மேல் வியர்ப்பது போல் லென்சின்மேல் ஈரம் படியும். ஆகையால் வெளியிலேயே அதை ஒரு பையில் இட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள்; அறைக்குள் வந்து அரை மணி நேரம் சென்ற பிறகே திறக்க வேண்டும். சமவெளிக்கு இறங்கும்போதும் இவ்வாறே. ஈரத்துடன் பெட்டிக்குள் வைத்தால் லென்சில் பூஞ்சை பிடிக்கும். பிடித்த பின் அதைப் போக்குவது கடினம். பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

வீடு சேர்ந்ததும் நூறு படங்களிலிருந்து ஐந்தை மட்டும் தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். அவ்வைந்தின் கீழும் இடம், நாள், நேரம், வானம் இருந்த நிலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இவற்றுள் ஏதேனும் ஒன்று, ஏரிக்கரையின் ஒரு கல்லிலோ பகோடா முனையின் ஒரு பாறையிலோ நின்று எடுத்ததாக இருக்கட்டும். அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் அதே கல்லின்மேல் நின்று, அதே திசையில் ஒன்று எடுங்கள். மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்ஸைட் வெட்டிய தடங்களை இம்மலையின் மேற்பரப்பு தாங்கியிருக்கிறது. புதிய கட்டடங்கள் எழுகின்றன. சில இடங்களில் மரங்கள் மீண்டும் வளர்கின்றன. ஐந்தாறு படங்கள் சேர்ந்ததும் அவற்றை வரிசையாக மேசைமேல் பரப்பிப் பாருங்கள். எந்த மரம் இல்லை, எது புதிதாக வந்திருக்கிறது என்று உங்கள் விரல் தானே சுட்டத் தொடங்கும்.